கோர்டெலா, அது யாரு?

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்து, "ஆசிரியருக்கு நிதானம் போதாது" என்று எழுதிப்போட வேண்டாம். போதாதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, ஈடித் கடை. என் தட்டில் வெண்ணெய் போட்ட சோளக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டப் லீச். ஊரில் டயர் கடை வைத்திருப்பவன், எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின்* பரம ரசிகன். சனிக்கிழமைகளில் முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு, பன்னிரண்டாம் வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்துவான். அவனிடம்தான் சொன்னேன்.

"கோர்டெலுக்குப் பெரிய அநியாயம் பண்ணப் போறாங்க டப்."

டப் வாயில் இருந்ததை மென்று முடித்தான். காப்பியை ஒரு வாய் குடித்தான். பிறகு கேட்டான்.

"கோர்டெலா? அது யாரு?"

நான்கு வருடமாக அந்தப் பையன் இந்த ஊரில் இருக்கிறான். இதே அணி, இதே நீலச் சட்டை. டப்பின் கடைக்கு எதிரே உள்ள சலவைக் கடையில்தான் தன் துணியைத் துவைத்துக்கொள்கிறான். டப் கிண்டலாகக் கேட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவன் உண்மையாகவே கேட்டான். காசை வைத்துவிட்டுக் கஞ்சியைத் தொடாமல் எழுந்து வந்தேன். வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இது.

* இது அமெரிக்கக் கால்பந்து, காலால் உதைக்கிற ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எறிவது, ஒருவன் மேல் ஒருவன் விழுவது. பெயருக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எனக்கு இப்போது வேறு கோபம் இருக்கிறது.

2

தொடக்கங்கள்.

"மேகம் கவிந்த ஒரு சனிக்கிழமை காலை, மார்லோ க்ரீக் மைதானத்தில் பதினெட்டாயிரம் பேர்—"

வேண்டாம். பதினெட்டாயிரம் பேரைப் பற்றி எழுதத்தான் பத்திரிகைகள் இருக்கின்றனவே.

"கோர்டெல் மேப்ரி பொறுமைசாலி."

இதற்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள். நானே படிக்கமாட்டேன்.

சரி, சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்கிறேன். நான் அங்கே இல்லை. மூன்று பேர் சொல்லக் கேட்டதுதான். மூன்று பேர் சொல்லிலும் சாப்பாடு மட்டும் மாறுகிறது. அப்போது எங்கள் அணியின் கோச்சாக இருந்த ஆர்லிஸ் ப்ரூக்ஷர் மாட்டுவால் குழம்பு என்கிறார். கோர்டெலின் அம்மா லோரீன், பொரித்த மீன் என்று அடித்துச் சொல்கிறார். கோர்டெலுக்கு எதைச் சாப்பிட்டோம் என்றே நினைவில்லை, அவ்வளவு பயம். நான் மாட்டுவாலை எடுத்துக்கொள்கிறேன்.

கோர்டெல் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தான். ஆள் எடுக்கும் காலம். சைப்ரஸ் பெண்ட் என்ற ஊரில் அவர்கள் வீட்டு வாசலில் கல்லூரி கோச்சுகளின் கார்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன. கோர்டெல் ஆடுவது க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற இடம். அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவன்தான் ஆட முடியும். மற்றவன் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆர்லிஸ் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "மிஸ் லோரீன், ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். உங்க பையன் முதல் மூணு வருஷம் ஆடமாட்டான்."

"முந்தாநாள் ஒருத்தர் வந்தாரு. முதல் ஆட்டத்துலயே எறக்கிடறேன்னாரு. அதுக்கு முந்தி வந்தவரு புதுக் காரைக் காட்டினாரு. நீங்க என்னடான்னா என் வீட்டு மேசையில உக்காந்து, என் கைச்சாப்பாட்டைச் சாப்ட்டுட்டு, ஆடமாட்டாங்கறீங்க."

"ஆமாங்கம்மா. இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?"

லோரீன் போட்டார். ஆர்லிஸ் தொடர்ந்தார்.

"இவன் கை நல்ல கை. கண்ணு இன்னும் பழகல. இவனுக்கு முன்னாடி ஒரு பையன் உக்காந்திருக்கான், அவன் அம்மாவுக்கும் இதே வாக்குக் குடுத்திருக்கேன். அவனை ஒதுக்கிட்டு இவனை எறக்கினா, நாளைக்கு இவனை ஒதுக்கிட்டு இன்னொருத்தனை எறக்குவேன். நாலாவது வருஷம் அணி இவன் கையில இருக்கும். கடைசி ஆட்டத்தன்னிக்கு நீங்க நடு மைதானத்துல நின்னு இவனைக் கூப்பிடுவீங்க."

லோரீன் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம்.

அந்தக் கூப்பிடுதல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் ராய்ஸ் கிம்ப்ரோ, மைதானத்து ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கிறவன். மற்ற நாட்களில் கல்லூரி நூலகத்தில் வேலை. ஒவ்வொரு வருடமும் எங்கள் ஊரில் நடக்கும் கடைசி ஆட்டத்தன்று, படிப்பு முடித்துப் போகிற பையன்களை ஒவ்வொருவராக நான் பெயர் சொல்வேன். ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் வரும் சுரங்க வாசலிலிருந்து பையன் ஓடிவருவான். நடு மைதானத்தில் பெற்றவர்கள் பூவோடு நிற்பார்கள். இது எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எங்களிடம் மட்டும் ஒன்று கூடுதல், ஆர்லிஸ் கொண்டுவந்தது. எங்கள் சட்டையை ரொம்ப நாள் போட்டுக் காத்திருந்தவன் கடைசியாக வருவான். அவன் பெயரை நான் வாசிப்பதில்லை. மைக் அவன் அம்மா கைக்குப் போகும். சின்ன வயதில் சாயங்காலம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரியே அவர் கூப்பிட வேண்டும். ஒரு அம்மா "குண்டா, வாடா" என்றார். இன்னொருத்தர் விசிலடித்தார். ஆறடி உயரப் பையன்கள் அந்தக் குரலுக்குத் தலைதெறிக்க ஓடிவருவதைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

இந்த வருடம் அப்படிக் காத்திருந்தவன் கோர்டெல் ஒருவன்தான். அவனோடு சேர்ந்தவர்களில் வேறு யாரும் மிச்சமில்லை.

3

அப்படியானால் என்ன அநியாயம்? அதற்குத் திங்கட்கிழமைக்குப் போக வேண்டும். கிப் ஹாலோவேயின் அறை. அவர் விளையாட்டுத் துறை இயக்குநர். [அவருக்கு "அவர்" போடுவது மரியாதைக்காக. மனசு ஒப்பவில்லை.] அவருடைய பற்கள்— [பல்லை வைத்து ஆளைக் கெட்டவனாக்குவது மட்டமான உத்தி. விட்டுவிடுகிறேன். ரொம்ப வெள்ளை என்பதோடு.]

"ராய்ஸ், உக்காரு. சனிக்கிழமை ஒரு சின்ன மாத்தம். கடைசியா ட்ரிஸ்டன் வருவான். அவங்க அம்மா கூப்பிடுவாங்க."

ட்ரிஸ்டன் வேல் எங்கள் இப்போதைய க்வார்ட்டர்பேக். ஜனவரியில்தான் வந்தான்.

"அவன் வந்து ஒரு வருஷங்கூட ஆகலயே."

"டிவிக்காரங்க வர்றாங்க. நாடு பூராப் பாக்கும். ஜனங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சி வேணும்."

"ரொம்ப நாள் காத்திருந்தவன் கடைசி. அதான வழக்கம்?"

"வழக்கத்தை யாரு மாத்தினா? ட்ரிஸ்டன் மூணு காலேஜ்ல சேத்து அஞ்சு வருஷம் ஆச்சு. கோர்டெல் நாலுதான். நீயே கணக்குப் போட்டுப் பாரு, யாரு அதிகம்?"

இந்த வாக்கியத்தில் நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. வீடு மாற்றிக்கொண்டே இருந்தவனை, மொத்த வருடத்தைக் கூட்டி, தெருவிலேயே பழைய குடித்தனக்காரன் என்று சொல்கிற கணக்கு இது. கிப் அதைச் சிரிக்காமல் சொன்னார். அவர் நம்பித்தான் சொன்னார் என்பது எனக்கு இன்னும் பெரிய எரிச்சல்.

"லோரீன் மேப்ரிகிட்ட யாரு சொல்றது?"

"கோர்டெலும்தான் வர்றான். நடுவுல, ஏழாவதோ எட்டாவதோ. பூ உண்டு, கட்டிப்பிடிக்கறது உண்டு. பேரை நீ வாசிக்கப் போற. இதுல என்ன கொறைஞ்சு போச்சு?"

"கூப்பிடறது கொறைஞ்சு போச்சு."

கிப் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "நீ மேல உன் எடத்துலயே உக்காந்து வாசி ராய்ஸ். மைக்கை டிவி பொண்ணு கீழ கொண்டுபோய்க்கும்."

4

நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த வருடம் நாங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆர்லிஸ் வந்த புதிதில் தோற்றோம். அடுத்த வருடமும் தோற்றோம். பையன்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு உடம்பு ஏற வேண்டும், ஆட்டம் புரிய வேண்டும், ஒருவன் மூச்சு விடுவதை வைத்தே மற்றவன் எங்கே ஓடுவான் என்று தெரிய வேண்டும். அதற்கெல்லாம் குறுக்கு வழி கிடையாது. போன வருடம் பாதி ஆட்டங்களைக் கடைசி நிமிடத்தில்தான் தோற்றோம். ஆட்டம் தெரிந்தவனுக்கு அது நல்ல செய்தி. அடுத்த வருடம் ஜெயிப்போம் என்று அர்த்தம். எங்கள் ஊருக்கு அது வெறும் தோல்வி. டிசம்பரில் ஆர்லிஸைத் துரத்திவிட்டார்கள். வாங்கிவைத்த கிறிஸ்துமஸ் விளக்குகளைக்கூட அவர் வீட்டில் மாட்டவில்லை.

டப் லீச்சின் கொல்லையில் ஒரு பெக்கான் மரம் இருக்கிறது. அவன் அப்பா நட்டது. முதல் காய் பார்க்கப் பத்து வருடம் ஆனதாம். அதைப் பெருமையாகச் சொல்வான். அதே வாயால்தான் "ஆர்லிஸுக்கு எவ்வளவு நாள் குடுக்கறது?" என்று கத்தினான்.

புது கோச் வந்தார். பள்ளிக்கூடப் பையன்களின் வீட்டுக்குப் போய் மாட்டுவால் சாப்பிடுகிற ஆள் அல்ல. வேறு கல்லூரிகளில் ஏற்கெனவே ஆடி முறுக்கேறியவர்களை மொத்தமாக வரவழைத்தார். இப்போதெல்லாம் கணினியில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆடுகிறவன் அதில் தன் பெயரைப் போட்டால் போதும், எந்தக் கல்லூரி வேண்டுமானாலும் அவனை அழைத்துக்கொள்ளலாம். எல்லோரும் அதை "வாசல்" என்கிறார்கள். ஆர்லிஸின் பையன்கள் அந்த வாசல் வழியாக வெளியே போனார்கள், அல்லது போகும்படி ஆக்கப்பட்டார்கள். மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். வருகிற ஜனவரியில் இவர்களும் போவார்கள். அப்போது நாங்கள் மறுபடி ஒன்றுமில்லாமல் நிற்போம். கிப் மறுபடி ஒரு கூட்டத்தை வாங்குவார். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "அணியைக் கட்டுவது". கட்டுகிறார்களாம். தினமும் பந்தல் போட்டுப் பிரிப்பதற்குப் பெயர் கட்டுவதா?

[ஜெனீவா ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: "கதை எங்கே போச்சு? பிரசங்கம் பண்ணாதே." ஜெனீவா என் மனைவி. சொன்னது சரி. ஆனாலும் இந்தப் பத்தியை எடுக்கமாட்டேன்.]

5

கோர்டெலைப் பற்றி எழுத வேண்டும். அங்கேதான் திணறுகிறேன்.

கதைக்கு வேண்டியது ஏதாவது செய்கிற ஆள். இவன் காத்திருக்கிறான். காத்திருப்பதை எப்படி எழுதுவது? "கோர்டெல் காத்திருந்தான். மேலும் காத்திருந்தான். பிறகு—"

அவன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதையாவது சொல்கிறேன். ஒவ்வொரு வாரமும் பயிற்சியில் அவனுக்கு ஒரு வேலை உண்டு. வருகிற சனிக்கிழமை எதிர் அணியில் ஆடப்போகும் க்வார்ட்டர்பேக்காக அவன் நடிக்க வேண்டும். அவன் இடது கைக்காரன் என்றால் இவனும் இடது கையால் எறிவான். அவன் எறியுமுன் தோளைக் குலுக்குகிறவன் என்றால் இவனும் குலுக்குவான். நம் ஆட்கள் அவனைத் துரத்திப் பிடித்துப் பழகுவார்கள். நான்கு வருடமாக அவன் எல்லா ஊர் க்வார்ட்டர்பேக்காகவும் இருந்துவிட்டான், எங்கள் ஊருடையதைத் தவிர. இந்த வருடம் எதிரிகள் எங்களிடம் திணறுவதற்குப் பாதிக் காரணம் அவன்தான். பயிற்சிக்கு வேலி போட்டிருக்கிறார்கள். அதனால் டப்புக்குத் தெரியாது.

போன மாதம் நூலகத்தில் அவனிடமே கேட்டேன். கதைக்காக இல்லை, அப்போது கதை கிடையாது.

"நீ ஏம்ப்பா போகல? வாசல் தொறந்துதான இருக்கு."

"கூப்பிட்டாங்க சார். மூணு எடத்துலேருந்து. ஒருத்தரு உடனே எறக்கறேன்னாரு."

"அப்பறம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அம்மா ஆகஸ்ட்லேருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல சார்."

"ஏன், கோவமா?"

"இல்ல சார். கடைசி ஆட்டத்துக்குன்னு சேத்து வைக்கறாங்களாம். 'ஏய்'ங்கறாங்க, 'நீதான்'ங்கறாங்க. எனக்கு ஃபோன் பண்றப்ப அப்பாகிட்ட, 'அவன் இருக்கானா கேளு'ங்கறாங்க. சர்ச் பாட்டுக் குழுவுல பாடறதையும் இந்த மாசம் நிறுத்திட்டாங்க. தொண்டை கட்டிக்கக் கூடாதாம். போதகர் வீட்டுக்கே வந்து கேட்டுட்டாரு, என்ன மனஸ்தாபம்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். லோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கடைசி இருக்கையில் சேட்டை பண்ணுகிற பிள்ளை, அவர் திரும்பிப் பார்க்காமல் போடும் ஒரு அதட்டலில் பெட்டிப்பாம்பாகிவிடும். அந்தக் குரலை அவர் மூன்று மாதமாகப் பூட்டி வைத்திருக்கிறார். யாருக்காக என்று எங்கள் ஊருக்குத் தெரியாது.

6

இந்த இடம்வரை எழுதி ஜெனீவாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்ல பையன்தான். ஆனா ஒண்ணுமே பண்ணமாட்டேங்கறானே. தூக்கம் வருது ராய்ஸ்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பரணில் கிடந்த என் பழைய, முடிக்காத நாவலிலிருந்து ஒரு ஆளை இழுத்துக்கொண்டு வந்தேன். போதகர் ஐஷம் என்று பெயர். பாம்பு வைத்திருப்பவர், துப்பாக்கியும் வைத்திருப்பவர், வாயைத் திறந்தால் இடி மாதிரிப் பேசுபவர். அவரை நேராகக் கிப்பின் அறைக்குள் விட்டேன். கிப்பின் மேசைமேல் பாம்புப் பெட்டியை வைத்துவிட்டு, "மகனே, உன் கணக்கை இதுக்கிட்ட சொல்லு" என்றார். அபாரமான மூன்று பக்கம். ஜெனீவா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான்காம் பக்கத்தில் ஐஷமுக்கு வேலை இல்லை. லோரீன் யாரென்று அவருக்குத் தெரியாது. எந்தச் சாப்பாட்டு மேசையிலும் அவர் உட்கார்ந்ததில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, அடுத்து எந்தக் கதை கூப்பிடுகிறது என்று என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கவனித்தேன். மூன்று பக்கமாக கோர்டெல் கதையில் இல்லை. அவனை உட்கார வைத்துவிட்டு வெளியாளை இறக்கியிருக்கிறேன். கிப்பைத் திட்டி எழுதுகிற கதையிலேயே.

மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். ஜெனீவாவுக்கு என்மேல் இன்னும் வருத்தம்.

7

ட்ரிஸ்டனை வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். வேலை சுலபமாகியிருக்கும். புதன்கிழமை அவனே நூலகத்துக்கு வந்து அதைக் கெடுத்தான்.

"சார், சனிக்கிழமை எங்கம்மா ஏதோ கூப்பிடணும்னு சொன்னாங்க. எப்படிக் கூப்பிடணும்?"

"சின்ன வயசுல சாப்பிடக் கூப்பிடுவாங்கல்ல, அந்த மாதிரி."

அவன் யோசித்தான். பையன் அழகன், ஒப்புக்கொள்கிறேன்.

"எங்க வீட்ல அப்படி இல்ல சார். ஒம்போது வயசுலேருந்து பயிற்சி முகாம்தான். அம்மா ஓட்டுவாங்க, நான் பின்னாடி உக்காந்து சாப்பிடுவேன். வண்டிக்குள்ளதான எப்பவும் இருந்தேன். எதுக்குக் கூப்பிடணும்?"

"அப்ப அம்மா என்ன சொல்றாங்க?"

"பயமா இருக்குங்கறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியலயாம். இது யாரோ ஒரு பையனோட முறைன்னு கேள்விப்பட்டேன். நெஜமா சார்?"

சொன்னேன். அவன் முகம் சிவந்துபோயிற்று. கோச்சிடம் போய்ப் பேசினானாம். "நீ பந்தைப் பாரு" என்று அனுப்பிவிட்டார்களாம். ஆக, கேட்காத ஒரு அம்மா கையில் மைக்கைத் திணிக்கிறார்கள். அதற்காகவே குரலைச் சேர்த்து வைத்திருக்கும் அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

8

முடிவுகள்.

(அ) நான் மேலேயிருந்து படியிறங்கி ஓடி, டிவி பெண்ணின் கையிலிருந்து மைக்கைப் பறித்து, லோரீனிடம் கொடுக்கிறேன். மைதானமே எழுந்து நிற்கிறது. எழுதும்போதே எனக்கு மார்பு விரிந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. இந்த முடிவில் நாயகன் நான். தவிர, எனக்கு முழங்கால் வலி.

(ஆ) கிப் சொன்னபடியே நடக்கிறது. ஏழாவதாக நான் "கோர்டெல் மேப்ரி, சைப்ரஸ் பெண்ட்" என்று வாசிக்கிறேன். அரைகுறைக் கைதட்டல். லோரீன் திறந்த வாயை மூடிக்கொள்கிறார். டப் ஒரு வறுகடலையை வாயில் போட்டுக்கொண்டு "யாரு?" என்கிறான். இதுதான் நடக்கக்கூடியது. ஒருமுறை முழுதாக எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன்.

(இ) ட்ரிஸ்டன் தன் அம்மாவிடமிருந்து மைக்கை வாங்கி லோரீனிடம் கொடுக்கிறான். இரண்டு பையன்களும் கட்டிக்கொள்கிறார்கள். ஜெனீவா இதைப் படித்து அழுதாள். எல்லோரும் அழுவீர்கள். அதனால்தான் தரமாட்டேன். ஒரு கல்லூரி காட்ட வேண்டிய யோக்கியதையை ஜனவரியில் வந்த பையன் காட்ட வேண்டுமா? அவன் காட்டிவிட்டால் மறுநாள் அதை டிவியில் போட்டு, "இதுதான் எங்கள் பண்பாடு" என்று கிப்தான் சொல்லுவார்.

(ஈ) ஆர்லிஸ் திடீரென்று கூட்டத்திலிருந்து எழுந்து—

இல்லை. அவர் வேறு மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட அணிக்குப் போய்விட்டார். அங்கேயும் முதல் இரண்டு வருடம் தோற்பார் என்று நினைக்கிறேன்.

9

இன்று வெள்ளிக்கிழமை. ஆட்டம் நாளைக் காலை பதினொரு மணிக்கு. முடிவை நான் மறைத்து வைத்திருக்கவில்லை. அது இன்னும் நடக்கவில்லை.

காலையில் தொலைபேசி அடித்தது.

"ராய்ஸ், லோரீன் பேசறேன்."

"சொல்லுங்க மிஸ் லோரீன்."

"அவன் சொன்னான். நடுவுலயாம். மைக் கெடையாதாம்."

"ஆமாங்க. நான் கிப்கிட்ட எவ்வளவோ—"

"நீ பேசினது போதும். ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. நடு மைதானத்துலேருந்து அந்தச் சுரங்க வாசல் எவ்வளவு தூரம்?"

"ஒரு அறுபது கஜம் இருக்கும்."

"எங்க வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவுல ரெண்டு சோளக்காடு. நான் கூப்பிட்டா அங்கேருந்து வருவான், மீனையும் தூண்டிலையும் போட்டுட்டு."

"அங்க பதினெட்டாயிரம் பேரு கத்தமாட்டாங்களே, மிஸ் லோரீன்."

பின்னால் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது.

"கத்தாம இருக்கறது அவங்க பாடு. அதுக்கு நான் என்ன பண்ணமுடியும்? நீ உன் வாயை மூடிக்க. அவன் முறை வரும்போது நீ அந்தப் பேரைச் சொல்லிடாத. நான் மூணு மாசமாச் சொல்லாம வச்சிருக்கேன். எனக்கு முன்னால நீ சொல்லிட்டன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"சரிங்கம்மா."

அந்த "சரிங்கம்மா"தான் இந்தக் கதையில் நான் செய்யும் ஒரே காரியம். நாளைக்கு ஆறு பெயர் வாசிப்பேன். ஏழாவது பெயருக்கு என் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வேன். கிப் என்னை நீக்குவார். நீக்கட்டும். பெயர் வாசிக்கிறவனுக்குப் பெயரை வாசிக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. இதை வீரம் என்று யாரும் எழுத வேண்டாம்.

[இந்த இடத்தில் ஒரு பெயர் வர வேண்டும். நான் எழுதப்போவதில்லை.]

மிச்சம் உங்களுடையது. இவ்வளவு தூரம் படித்துவிட்டு, "கடைசியில் என்னதான் ஆச்சு?" என்று என்னைப் பிடித்து உலுக்காதீர்கள். உடனே முடிவு வேண்டும், உடனே வெற்றி வேண்டும், உடனே வேறு ஆள் வேண்டும் என்கிற அந்தக் கூட்டத்தைத்தான் நாலு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அதில் சேராதீர்கள். நாளைக்கு மைதானத்துக்கு வாருங்கள். பன்னிரண்டாம் வரிசையில் டப்புக்குப் பக்கத்தில் ஓரிடம் காலியாக இருக்கும், என் மனைவிக்கு வாங்கியது, அவள் கீழே லோரீனோடு நிற்கப்போகிறாள். ஆறு பெயர் முடிந்ததும் ஒலிபெருக்கி நின்றுபோகும். ஏதோ கோளாறு என்று கூட்டம் சத்தம் போடும். டப் சீட்டியடிக்கப் பார்ப்பான். நீங்கள் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்துங்கள். சுரங்க வாசலில் ஒரு பையன் நிற்பதைக் காட்டுங்கள்.

"அது யாரு?" என்று கேட்பான்.

பதில் சொல்லாதீர்கள். மைதானத்தின் நடுவில் நிற்கிற அந்த அம்மா சொல்லுவார், உங்கள் சத்தம் அடங்கினால்.